பை, டார்ட், பேஸ்ட்ரி: எல்லாம் தண்ணீர்க் கணக்கு

மாவு உறைக்குள் பூரணம் வைத்து ஓவனில் வேகவைக்கிற பை செய்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். மேலே நல்ல நிறம் வந்திருக்கிறது, அடிப்பாகம் மட்டும் ஏன் வேகாமல் ஈரமாக இருக்கிறது? மாவைத் தேய்க்கத் தேய்க்க ஏன் திரும்பச் சுருங்குகிறது? வெட்டியதும் உள்ளே இருப்பதெல்லாம் ஏன் தட்டில் ஓடுகிறது? கேட்கும்போது மூன்றும் வேறுவேறு சிக்கல் மாதிரி இருக்கும். இனிப்பும் காரமுமாக வீட்டில் விடாமல் செய்துவந்ததில் எனக்குப் பிடிபட்டது என்னவென்றால், மூன்றும் தண்ணீர் செய்கிற வேலை. மாவில் ஊற்றுகிற தண்ணீர், வெண்ணெய்க்குள் ஏற்கெனவே இருக்கிற தண்ணீர், பூரணத்திலிருந்து கசிகிற தண்ணீர். இந்த மூன்றும் எப்போது எங்கே போகின்றன என்று பார்க்க ஆரம்பித்த பிறகு, புதிய செய்முறையைப் பார்த்தாலே எந்த இடத்தில் வம்பு வரும் என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது.

மாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். மூடி போட்ட சாதாரண பைக்கு நான் எப்போதும் போகிற அளவு, எடையில் 3 பங்கு மைதா, 2 பங்கு வெண்ணெய், 1 பங்கு தண்ணீர். 23 செ.மீ. தட்டுக்கு, அடியும் மூடியும் சேர்த்து, 300 கிராம் மைதா, 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 5 கிராம் உப்பு, 90 முதல் 100 மி.லி. ஐஸ் தண்ணீர். கப் கணக்கு வேண்டாம். ஒரே கப்பில் மைதாவை அழுத்தி எடுப்பதற்கும் தளர்வாக அள்ளுவதற்கும் நிறைய எடை வித்தியாசம் வரும், அந்த வித்தியாசம் நேராகத் தண்ணீர் அளவில்தான் போய் முட்டும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

மைதாவில் க்ளூட்டனின், க்ளையடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டு, கையும் பட்டால், இரண்டும் சேர்ந்து க்ளூட்டன் ஆகின்றன. ரொட்டிக்கு அந்த இழுவை தேவை. பைக்கு, மாவு உடையாமல் நிற்கிற அளவுக்கு மட்டும் இருந்தால் போதும். கொழுப்பு மாவுத் துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போவது குறையும், க்ளூட்டனும் குறையும். வெண்ணெயை முதலில் மாவில் பிசிறிவிட்டு, அதற்கு அப்புறம் தண்ணீர் விடச் சொல்வது இதனால்தான். வரிசையை மாற்றினால் வேறு பண்டம் வரும்.

வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு இல்லை. ஏறக்குறைய 80 முதல் 82 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதத்தை ஒட்டித் தண்ணீர், மீதி பால்பொருள். அதாவது மேலே சொன்ன 200 கிராம் வெண்ணெயில் 30 கிராமுக்கு மேல் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. இந்தத் தண்ணீர் எதிரி இல்லை. ஓவன் சூட்டில் அது ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. மாவுக்குள் தட்டையாகக் கிடக்கும் வெண்ணெய்த் துண்டு உருகி, அதன் நீர் ஆவியாகி, மேலேயும் கீழேயும் இருக்கிற மாவைத் தள்ளிப் பிரிக்கிறது. அடுக்கு வருவது இப்படித்தான். வெண்ணெயை உருக்கி நெய்யாக்கிப் போட்டால் தண்ணீர் போய்விடுகிறது; வாசனை நன்றாக இருக்கும், மாவு பிஸ்கட் போல உதிரும், அடுக்கு மட்டும் வராது. கொழுப்பு குறைத்த, ரொட்டியில் தடவுகிற வகைகளில் நேர் எதிர்த் தொல்லை. அவற்றில் தண்ணீர் அதிகம் என்பதால் பிசையும்போதே மாவு இழுக்க ஆரம்பித்துவிடும். அவற்றைப் பை மாவுக்கு நான் தொடுவதே இல்லை.

வெண்ணெய்த் துண்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. எல்லாம் பட்டாணி அளவு என்று ஒருவர், ரொட்டித்தூள் பதம் என்று இன்னொருவர். எனக்கு இரண்டும் வேண்டும். பாதி வெண்ணெயை மாவு முழுக்க மணல் பதம் வரும்வரை விரல் நுனியால் தேய்த்துவிடுகிறேன். மீதிப் பாதியைச் சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் தட்டையாக ஒரு அழுத்து. முதல் பாதி மாவுக்கு நீர் புகாத பூச்சு, இரண்டாம் பாதி அடுக்குக்கு. ரசம் நிறைந்த பழப் பை என்றால் அடிக்கும் மூடிக்கும் மாவைத் தனித்தனியாகவே செய்கிறேன். அடிக்கு நன்றாகத் தேய்த்த மாவு, மூடிக்குத் துண்டு பெரிதாக விட்ட மாவு. அடியில் அடுக்கு இருந்து யாரும் பார்க்கப் போவதில்லை. அங்கே ஈரம் ஏறாமல் இருந்தால் சரி.

தண்ணீரை மொத்தமாக ஊற்ற வேண்டாம். முக்கால் பங்கைத் தெளித்து, முள்கரண்டியால் கிளறி, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். சேர்ந்து நின்றால் போதும். ஓரத்தில் உதிரலாம், பாத்திரத்தின் அடியில் உலர்ந்த தூள் கொஞ்சம் கிடக்கலாம். இதுவரைக்கும் பார்ப்பதற்கு 'இது சேரவே சேராது' என்று தோன்றும். தோன்றட்டும். அப்படியே கிளிங் ராப்பில் சேர்த்து அழுத்தி, தட்டையாக்கி, ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஈரம் தானாகவே மாவு முழுக்கப் பரவுகிறது, க்ளூட்டனும் தளர்கிறது, வெண்ணெயும் இறுகுகிறது. வெளியே எடுக்கும்போது ஒரே கட்டியாக இருக்கும். அவசரப்பட்டு இன்னும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டிருந்தால், அது தேய்க்கும்போது சுருங்குகிற மாவாகத்தான் வந்திருக்கும்.

தண்ணீருக்குப் பதிலாகப் பாதி வோட்கா ஊற்றுகிற முறை ஒன்று இருக்கிறது. 2007இல் ஒரு அமெரிக்க சமையல் இதழில் வந்து பரவியது. ஆல்கஹாலில் க்ளூட்டன் உருவாகாது என்பதால், மாவைத் தாராளமாக நனைத்தாலும் இழுவை ஏறாது. பேக் ஆகும்போது ஆல்கஹால் பெரும்பாலும் போய்விடும். யோசனை சரியானதுதான், வேலையும் செய்கிறது. ஆனால் மாவை ஒழுங்காக ஊறவைத்தால் அதற்குத் தேவை வருவதில்லை என்பது என் எண்ணம். ஒரு ஸ்பூன் வினிகர் சேர்ப்பதும் அப்படித்தான். சேர்த்தால் கெடுதல் இல்லை, சேர்க்காவிட்டால் நஷ்டமும் இல்லை.

சமையலறை சூடாக இருந்தால் மொத்தக் கணக்கும் மாறும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்கு வெகு முன்னாலேயே குழைய ஆரம்பிக்கும். உள்ளங்கைச் சூடே அதற்குப் போதும், அதனால் விரல் நுனி மட்டும். சூட்டுக் காலத்தில் மைதா, பாத்திரம், பூரிக்கட்டை எல்லாவற்றையும் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். வெண்ணெயை உறையவைத்துத் துருவியில் துருவிப் போடுவது இன்னும் எளிது. நடுவில் மாவு பளபளவென்று எண்ணெய்ப் பசை காட்டினால், அந்த நிமிடமே நிறுத்திப் பத்து நிமிடம் பிரிட்ஜ். உருகிய வெண்ணெய் திரும்ப இறுகினாலும், ஏற்கெனவே மாவில் கலந்துவிட்ட அடுக்கு திரும்பி வராது.

தேய்ப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொரு தேய்ப்புக்கும் கால் வட்டம் திருப்பி, 3 மி.மீ. கனம். தட்டில் போடும்போது மாவை இழுத்துப் பரத்தாதீர்கள், தூக்கி உள்ளே இறக்கி விடுங்கள். இழுத்த மாவு ஓவனுக்குள் போனதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். பேக் செய்வதற்கு முன்னால் தட்டோடு இன்னொரு அரை மணி பிரிட்ஜ். இந்த இரண்டாவது ஓய்வை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பக்கச் சுவர் சரிந்து கீழே வருவது பெரும்பாலும் அதனால்தான்.

சரி, இப்போது அடிப்பாகம். அடி வேகாமல் இருப்பதற்கு இரண்டு காரணம் உண்டு. கீழே போதுமான சூடு வரவில்லை, அல்லது மாவு வெந்து இறுகுவதற்கு முன்னால் பூரணத்தின் ஈரம் அதற்குள் இறங்கிவிடுகிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

சூட்டுக்கு நான் செய்வது எளிய வேலை. கனமான இரும்பு ட்ரே ஒன்றைக் கீழ்த்தட்டில் வைத்து, ஓவன் சூடாகும்போது அதையும் அரை மணி நேரம் சூடேற்றுகிறேன். பைத் தட்டை நேராக அதன் மேல். பைத் தட்டு உலோகத்தில் இருந்தால் நல்லது. மெல்லிய, மங்கிய நிற உலோகம் சூட்டைச் சீக்கிரம் வாங்கும். பீங்கான் பார்க்க அழகு, ஆனால் சூடேற நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் மாவு ஊறிவிடும். கண்ணாடியும் மெதுவானதுதான், ஆனாலும் தூக்கிப் பார்த்தால் அடியின் நிறம் தெரிகிறது என்பதால் புதிதாகக் கற்பவர்களுக்கு அதையே சொல்வேன். ஒன்றே ஒன்று, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டைச் சூடான ட்ரேயில் வைக்காதீர்கள், விரிசல் விடும். மின்விசிறி ஓடுகிற ஓவன் என்றால் செய்முறையில் சொன்னதைவிட 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் உள்ளே தொங்கினால் இன்னும் நல்லது. குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி மோசம் போன பை ஏராளம்.

ஈரத்துக்கு, பூரணம் போடும் முன்பே மாவைத் தனியாக வேகவைத்துவிடுவது. கஸ்டர்ட், கீஷ் (முட்டை, பால், க்ரீம் கலவை ஊற்றிய காரப் பை), க்ரீம், சாக்லேட் எதுவானாலும் இது கட்டாயம். முள்கரண்டியால் அடி முழுக்கக் குத்தி, கசக்கிய பட்டர் பேப்பரை மூலை வரை படியவைத்து, காய்ந்த கொண்டைக்கடலையோ அரிசியோ விளிம்பு வரை நிரப்ப வேண்டும். விளிம்பு வரை என்பது முக்கியம். அடியில் மட்டும் பரப்பினால் சுவருக்கு முட்டு கிடையாது. 190 டிகிரியில் 20 நிமிடம், பேப்பரைத் தூக்கிவிட்டு இன்னும் 8 முதல் 10 நிமிடம். பேப்பரைத் தூக்கும்போது அடி வெளுத்து ஈரமாகத் தெரிந்தால், நிறம் ஏறும்வரை விடுங்கள். வெந்ததும் சூட்டோடு அடித்த முட்டையின் வெள்ளைக்கருவை ஒரு கோட் பூசி இரண்டு நிமிடம் திரும்ப உள்ளே வைத்தால், குத்தின ஓட்டைகள் மூடி ஒரு படலம் படியும். முட்டை சேர்க்காதவர்கள், இனிப்பு டார்ட் (மூடி இல்லாத பை) என்றால் உருக்கிய சாக்லேட்டை மெல்லிசாகப் பூசி இறுகவிடலாம். அதே வேலையை அதுவும் செய்யும், சுவையும் கூடும். அரிசியையும் கடலையையும் தூக்கிப் போட வேண்டாம். ஆறியதும் டப்பாவில் போட்டு, இதற்கென்றே மறுபடி மறுபடி வைத்துக்கொள்ளலாம். சமைக்க மட்டும் ஆகாது.

பழப் பைக்கு வருவோம். ஆப்பிளில் 85 சதவீதத்தை ஒட்டித் தண்ணீர்தான். பச்சையாக நறுக்கிச் சர்க்கரை தூவி மூடி போட்டால் அந்தத் தண்ணீர் முழுக்க ஓவனுக்குள் வெளியே வரும். பழம் சுருங்கும், மூடிக்கும் பழத்துக்கும் நடுவே வெற்றிடம், அடியில் குளம். அதை வெளியிலேயே வரவழைத்துவிட வேண்டும். 1 கிலோ ஆப்பிளுக்கு 120 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு கலந்து ஒரு மணி நேரம் வடிகட்டியில் வைத்தால், கீழே பாத்திரத்தில் சாறு சேரும். அந்தச் சாற்றை மட்டும் அடுப்பில் பாதியாகச் சுண்டவைத்து, கொஞ்சம் வெண்ணெய் போட்டு, பழத்தோடு திரும்பச் சேர்த்துவிடுகிறேன். சுவை எதுவும் வீணாகவில்லை, தண்ணீர் மட்டும் போனது. இதற்குப் பிறகு 20 முதல் 25 கிராம் கார்ன்ஃப்ளார் போதும். ப்ளூபெர்ரி, செர்ரி மாதிரி ரசம் அதிகமான பழத்துக்கு 40 கிராம் வரை போகும். ஆப்பிளில் க்ரானி ஸ்மித் மாதிரி புளிப்பும் கெட்டியும் உள்ள ரகம் வடிவம் கலையாமல் நிற்கும்; சில ரகங்கள் கூழாகிவிடும். இரண்டு ரகம் கலந்து போட்டால் துண்டும் இருக்கும், குழைவும் இருக்கும்.

கார்ன்ஃப்ளார் கொதி வந்தால்தான் முழுசாகக் கெட்டியாகும். அதனால் பழப் பை வெந்துவிட்டதா என்று பார்க்க மூடியின் நிறத்தைப் பார்த்தால் போதாது. மூடியில் வெட்டிய பிளவு வழியாக, நடுவில், சாறு கெட்டியாகக் குமிழ்விட வேண்டும். ஓரத்தில் குமிழ்வது கணக்கில் இல்லை. 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 190இல் இன்னும் 40 நிமிடம் என்று போனால் பெரும்பாலும் அங்கே வந்து சேரும். மேலே கறுக்கப் போகிறது என்றால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள், வெளியே மட்டும் எடுத்துவிடாதீர்கள். மூடியில் பிளவு இல்லாவிட்டால் ஆவி போக வழியில்லாமல் மூடியின் உள்பக்கம் ஆவியில் அவிந்த மாவாகவே நிற்கும். பின்னல் மூடி போடுவது வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ரசம் அதிகமான பழத்துக்கு அது உண்மையிலேயே உதவும், அத்தனை சந்து வழியாக ஆவி போகிறது.

அப்புறம் ஆறவிடுவது. மூன்று மணி நேரம், முடிந்தால் நான்கு. வீட்டில் இருப்பவர்கள் கத்தியோடு நிற்பார்கள், நிற்கட்டும். சூட்டில் தளர்வாக இருக்கிற மாவுப்பசை ஆறினால்தான் இறுகும். தட்டில் ஓடுகிற பைகளில் பெரும்பங்கு சரியாக வெந்து, சீக்கிரம் வெட்டப்பட்டவை.

அடி ஈரமாவதை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்கிற பண்டம் டார்ட் டாட்டன். வாணலியில் சர்க்கரையும் வெண்ணெயும் பழுப்பாகும்வரை விட்டு, ஆப்பிளை அதிலேயே வேகவைத்து, மாவை மேலே மூடி ஓவனில் வைத்துப் பிறகு கவிழ்ப்பது. வேகும் நேரம் முழுக்க மாவு மேலே இருப்பதால் அது ஊற வாய்ப்பே இல்லை. ஃபிரான்ஸில் லமோட்-பவ்ரோன் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விடுதி நடத்திய டாட்டன் சகோதரிகளின் பெயரில் வழங்குகிறது. ஆப்பிள் தீயப் போனதால் அவசரத்தில் மேலே மாவை மூடியதில் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்; கதையைக் கதையாக வைத்துக்கொள்ளலாம். வெளியே எடுத்ததும் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் கவிழ்த்துவிட வேண்டும் என்பது மட்டும் கதை இல்லை. அதற்கு மேல் விட்டால் கேரமல் இறுகி வாணலியிலேயே தங்கிவிடும்.

காரப் பைகளில்தான் எனக்குச் சொந்த ஆசை அதிகம், சொல்லவும் அதிகம் இருக்கிறது. இங்கே காய்கறியை நம்பக் கூடாது. காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், கீரையிலும் அப்படித்தான், தக்காளியில் இன்னும் கூட. காளானை அகலமான வாணலியில், பெரிய தீயில், முதலில் எண்ணெய்கூட இல்லாமல் போட்டு, அது தானே தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் வற்றி, 'சொர்' என்ற சத்தம் மாறி, ஓரம் பழுக்கும்வரை விடுகிறேன். வெண்ணெயும் பூண்டும் அதற்குப் பிறகுதான். வாணலி நிறைய அள்ளிப் போட்டால் வதங்காது, வேகும். கீரையை வதக்கி, ஆறவைத்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். இனி ஒன்றும் வராது என்று தோன்றிய பிறகு இன்னொரு முறை பிழியுங்கள், வரும். தக்காளி டார்ட்டுக்கு வளையமாக நறுக்கி, உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். அதோடு மாவின் மேல் மெல்லிசாகக் கடுகு விழுதும் துருவிய சீஸும் போட்டுவிட்டால், அவை நடுவில் ஒரு தடுப்பாக நிற்கும்.

கோழியோ காளானோ போட்ட வெள்ளைச் சாஸ் பைக்கு, சாஸ் சூடாக இருக்கும்போது கொஞ்சம் அதிகக் கெட்டியாகத் தெரிய வேண்டும். காய்கறி ஓவனுக்குள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடும், அதற்கு இடம் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், பூரணம் நன்றாகக் குளிர்ந்த பிறகே மாவுக்குள் போக வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால்கூட வெண்ணெய் அப்போதே உருகி மாவில் இறங்கிவிடும், ஓவனில் எழும்ப ஒன்றும் மீதி இருக்காது. நான் முந்தின நாளே பூரணத்தைச் செய்து பிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். மசாலாவும் ஊறிச் சேர்கிறது, மறுநாள் வேலையும் பாதி. உப்பு காரத்தைக் குளிர்ந்த பிறகு ருசித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். கொழுப்பான மாவோடு சேரும்போது எல்லாம் கொஞ்சம் மந்தமாகிவிடும்.

விதிவிலக்கும் உண்டு. பிரிட்டனின் கார்னிஷ் பேஸ்டிக்கு மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ஸ்வீடு (swede) என்கிற, டர்னிப் போன்ற கிழங்கு வகை, வெங்காயம் எல்லாம் பச்சையாகவே உள்ளே போகும். உறைக்குள்ளேயே அவை தம் சாற்றில் வேகும். அதைத் தாங்குவதற்காக மாவே வேறு. புரதம் அதிகமான ரொட்டி மாவில், கொஞ்சம் பிசைந்து, இழுவையோடு செய்கிறார்கள். விளிம்பை மேல் உச்சியில் இல்லாமல் பக்கவாட்டில் மடித்து முறுக்குவது அதன் அடையாளம். 2011 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் அதற்குக் கிடைத்திருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் கொழுப்பை உருக்கி அப்படியே மைதாவில் ஊற்றிப் பிசைகிற இன்னொரு மாவும் உண்டு. பன்றி இறைச்சிப் பைக்கு உரியது அது. கொதிநீரில் ஸ்டார்ச் அப்போதே பாதி வெந்து கெட்டியாவதால் தட்டில்லாமலேயே சுவர் போல நிற்கும். குளிர்ந்த தண்ணீர், குறைந்த பிசைதல் என்று இவ்வளவு நேரம் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் நேர் எதிர், ஆனால் உள்ளே என்ன வருகிறது என்று பார்த்தால் நியாயம் புரியும்.

கீஷுக்கு ஒரு கணக்கு மட்டும் மனதில் இருந்தால் செய்முறையே வேண்டாம். ஒரு முட்டைக்கு 120 மி.லி. பாலும் க்ரீமும் கலந்தது. 23 செ.மீ. டார்ட்டுக்கு 3 முட்டை, 350 மி.லி. சரியாக இருக்கும். முன்பே வேகவைத்த மாவில், வதக்கி ஆறிய வெங்காயம், சீஸ், மேலே இந்தக் கலவை. 160 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். ஓரம் இறுகி, நடுவில் உள்ளங்கை அகலம் இன்னும் ஆடும்போது எடுத்துவிட வேண்டும். வெளியே இருக்கும் நேரத்தில் அதுவும் இறுகிவிடும். முட்டைப் புரதம் 85 டிகிரியைத் தாண்டினால் சுருங்கித் தன்னுள் இருக்கும் நீரைப் பிழிந்துவிடுகிறது. வெட்டும்போது கீஷ் ஓட்டை ஓட்டையாக, பக்கத்தில் தண்ணீர் கசிந்து நின்றால் அது கூடுதலாக வெந்தது. வேகவில்லை என்று நினைத்து அடுத்த முறை இன்னும் பத்து நிமிடம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனிப்பு டார்ட்டுக்கு மாவு எளிது. 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 70 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு மஞ்சள் கரு, தேவையானால் ஒரு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர். மஞ்சள் கருவுக்குப் பதில் இரண்டு ஸ்பூன் க்ரீமும் போடலாம். சர்க்கரை க்ளூட்டனைக் குறைக்கும், அதனால் கிழிந்தால் விரலால் ஒட்டிக்கொள்ளலாம், பயமில்லை. சீக்கிரம் நிறம் ஏறும், பக்கத்தில் இருங்கள். பூரணத்தை ஓவனில் வைக்காமல், ஊற்றியே முடிக்கிறது சாக்லேட் டார்ட்தான்: 200 கிராம் கறுப்புச் சாக்லேட்டின் மேல் 200 கிராம் சூடான க்ரீம், இரண்டு நிமிடம் விட்டுக் கலக்கி, முழுதாக வெந்து ஆறிய மாவில் ஊற்றி இறுகவிடுவது. விருந்தாளிகளுக்குச் செய்ய இதைவிட நிம்மதியான பண்டம் எனக்குத் தெரியாது.

பழ டார்ட்டுக்குப் போடும் பேஸ்ட்ரி க்ரீம் இரவு கெட்டியாக இருந்து காலையில் நீர்த்துப்போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். மஞ்சள் கருவில் ஸ்டார்ச்சை உடைக்கிற அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. க்ரீம் கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டால் அது உயிரோடு இருந்து இரவெல்லாம் வேலை செய்யும். குமிழ்விட்டுக் கொதித்த பிறகு இன்னும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே விட்டால் அடங்கிவிடும். 500 மி.லி. பாலுக்கு 4 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 40 கிராம் கார்ன்ஃப்ளார். ஈரமான பழத்தோடு பேக் செய்கிற டார்ட்டுக்கு இதைவிட பாதாம் பூரணம் பொருத்தம்: பாதாம் மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை எல்லாம் சம எடை. பழம் விடுகிற சாற்றை அது உறிஞ்சிக்கொண்டு தானும் சுவையாகும்.

பஃப் பேஸ்ட்ரியை வீட்டில் முழுசாகச் செய்வது ஒரு நாள் வேலை. மூன்றாக மடிப்பதை ஆறு முறை செய்தால் வெண்ணெய் அடுக்கு 729. மாவும் வெண்ணெயும் ஒரே கெட்டியில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் முழு ரகசியமும். வெண்ணெய் இறுகியிருந்தால் உடைந்து துண்டாகும், குழைந்திருந்தால் பிதுங்கும். கடையில் வாங்கிய தாளில் செய்வதில் எந்தக் குறையும் இல்லை, வெண்ணெயில் செய்ததா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பிரிட்ஜில் வைத்து நிதானமாக இளக்கி, கூரான கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். முட்டை பூசும்போது வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் எழும்பாது.

எக்ளேர், க்ரீம் பஃப் செய்கிற ஷூ மாவில் தண்ணீர்தான் பொங்கவைக்கிற பொருள். 250 மி.லி. தண்ணீரும் 100 கிராம் வெண்ணெயும் கொதிக்கும்போது 150 கிராம் மைதாவை ஒரேயடியாகக் கொட்டி, வாணலியின் அடியில் மெல்லிய படலம் ஒட்டும்வரை கிளறி உலர்த்த வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நான்கு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். நான்காவதைத் தனியாக அடித்து வைத்துக்கொண்டு, மாவு கரண்டியிலிருந்து V வடிவில் தொங்கி விழுகிற பதத்தில் நிறுத்திவிடுங்கள். ஓவன் கதவை முதல் 20 நிமிடம் திறக்கவே கூடாது. நல்ல பழுப்பு வந்ததும் ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஒரு சிறு ஓட்டை குத்தி, கதவைச் சற்றே திறந்த ஓவனில் பத்து நிமிடம் உலரவிட்டால் உள்ளே சிக்கிய ஆவி வெளியேறும். இல்லாவிட்டால் ஆறும்போது அமுங்கிவிடும். முட்டை இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். சாதாரணப் பை மாவில் முட்டையே கிடையாது, டார்ட் மாவில் விட்டுவிடலாம், இதில் மட்டும் மாற்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் வைப்பதிலும் இதே கணக்குத்தான். வெதுவெதுப்பாக இருக்கும்போது டப்பாவில் மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். கம்பித் தட்டில் வைத்து முழுக்க ஆறவிடுங்கள். பழப் பை வெளியே மூடாமல், அல்லது லேசாகத் துணி மூடி, ஒரு நாள் இருக்கும். முட்டை, பால், இறைச்சி சேர்ந்தவை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், மொறுமொறுப்பு போனாலும் சரி. அது திரும்பி வரும்: 180 டிகிரி ஓவனில் சூடான ட்ரேயின் மேல் 10 முதல் 15 நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் பூரணத்தின் தண்ணீர் மாவுக்கு மாறிவிடும். மாவைத் தட்டையாக்கி ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் வைக்கலாம். பேக் செய்யாத முழுப் பையையும் உலோகத் தட்டோடு உறையவைத்து, இளக்காமல் நேராகச் சூடான ஓவனில் போடலாம். 20 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். நான் பழம் மலிந்து கிடைக்கும் நாட்களில் இரண்டு பை சேர்த்துச் செய்து ஒன்றை அப்படி வைத்துவிடுகிறேன். உறைந்து போன மாவு சூட்டில் முதலில் இறுகி, பூரணம் அதற்குப் பிறகுதான் இளகுவதால், அதன் அடி பெரும்பாலும் அன்றன்று செய்ததைவிட மொறுமொறுப்பாகவே வருகிறது.